சட்டப்பூர்வமாக்கப்பட்டது என்று நான் எழுதிய வரி

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது, எந்த அகராதியை நம்பலாம் என்று கேட்டீர்கள். இரண்டு பெயர்களைச் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் தெருமுனை திரும்பும் முன்பே, கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று உறைத்தது. நேரில் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆவணங்களைத் தமிழாக்கினேன். பிறப்பு, மணம், இறப்பு, உயில், கிரயம், பென்ஷன் தாள்கள். பெரும்பாலானவை சரியாகவே இருந்திருக்கும். அவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. நினைவில் நிற்பது ஒரே ஒரு தாள். அதன் அடியில் இருந்த முத்திரை. அந்த முத்திரைக்கு நான் எழுதிய ஒரு வரி.

வேலைக்குச் சேர்ந்து அப்போது ஐந்தாவது ஆண்டு. எங்கள் அலுவலகத்தில் மொத்தம் நான்கு பேர். நடத்தியவரை எல்லாரும் சார் என்றுதான் சொல்வோம். முதல் இரண்டு ஆண்டுகள் என் ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மையில் கைவைத்தார். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திருத்தினார். ஐந்தாவது ஆண்டில் படிக்காமலே முத்திரை குத்தினார். அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். பயப்பட வேண்டிய நாள் அதுதான்.

அந்த ஆண்டில்தான் செல்வராணி வந்தார். முப்பது வயது இருக்கும், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். சாரம் பகுதியில் குடியிருப்பு. ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் வேலை. அண்டா கழுவி முடித்த கையோடு வந்திருந்தார். புடவை முந்தானை நனைந்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

அவருடைய அப்பா ஆறுமுகம் மில் தொழிலாளி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்போம் அல்லவா, அப்படி ஒரு சொல்தாவுக்குச் சாரத்தில் பெரிய தோட்டம் இருந்தது. பிள்ளை இல்லாதவர். தோட்டத்தின் பின்பக்கத்து ஓட்டு வீட்டில் ஆறுமுகத்தைக் குடிவைத்தார். ஷிப்ட் இல்லாத நேரத்தில் ஆறுமுகம் மரங்களுக்குத் தண்ணீர் விட்டார், கடைசிக் காலத்தில் சொல்தாவைக் குளிப்பாட்டியும் விட்டார். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து போவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சொல்தா ஒரு தாள் எழுதி, அலுவலகத்துக்குப் போய் முத்திரையும் வாங்கிவந்து ஆறுமுகத்திடம் கொடுத்திருந்தார். சொல்தா செத்து, ஆறுமுகமும் செத்து, அந்த வீட்டில் செல்வராணியும் அவருடைய தம்பி முருகையனும் தங்கள் குடும்பங்களோடு இருந்தார்கள். இப்போது சொல்தாவின் அண்ணன் மகன் பிரான்சிலிருந்து வந்து, இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்.

"இதுல என்னா எழுதியிருக்குதுன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது மேடம். பத்திரமா வச்சிக்கோன்னு மட்டும் சொன்னாரு. எங்க உசுரே இதுலதான் கெடக்குது" என்றார் செல்வராணி.

தாளில் நாலே வரி. ஆறுமுகமும் அவர் குடும்பமும் தன் தோட்டத்தின் பின்புற வீட்டில் குடியிருக்க அனுமதிக்கிறேன் என்று சொல்தா எழுதியிருந்தார். அதில் குழப்பமில்லை. அடியில் வட்ட முத்திரை, அதன் மேல் ஒரு வாசகம். 'லெகாலிசாசியோனுக்காகப் பார்வையிடப்பட்டது' என்பது வரை தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று சொற்கள் இருந்த இடத்தில், மடிப்பு விழுந்து மை கலைந்து போயிருந்தது.

அகராதியைப் பிரித்தேன். அந்தச் சொல்லின் வேரான லெகாலிசே என்ற வினைக்கு இரண்டு பொருள் போட்டிருந்தது. ஒன்று, ஒரு கையெழுத்து இன்னாருடையதுதான் என்று அதிகாரி உறுதிப்படுத்துவது. மற்றொன்று, சட்டத்துக்கு உட்பட்டதாக ஆக்குவது. முதல் பொருள் அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அகராதியில் என் விரல் அதன் மேல்தான் இருந்தது.

எதிரே செல்வராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பாவும் மில்லில் இருந்தவர்தான். நாங்களும் இன்னொருவர் இடத்தில் பல ஆண்டுகள் குடியிருந்து, ஒரு நாள் சட்டி பானையோடு வெளியே வந்தவர்கள்தான். விமானம் ஏறி வந்து இந்தப் பெண்ணை வெளியே போகச் சொல்கிற ஆளை எனக்குப் பார்க்காமலே பிடிக்கவில்லை. மை கலைந்த இடத்தில் என்ன இருந்தது என்று தெரியாதபோது, அந்தக் குடும்பத்துக்கு எது நல்லதோ அதை எழுதினால் என்ன என்று நினைத்தேன். 'இவ்வாவணம் பார்வையிடப்பட்டுச் சட்டப்பூர்வமாக்கப்பட்டது' என்று எழுதினேன். இரண்டு சொல் தெளிவில்லை என்று ஒரு குறிப்புப் போட்டிருக்கலாம். போடவில்லை. சார் படிக்காமல் முத்திரை குத்தினார்.

செல்வராணிக்கு அந்த வரியை நானே படித்துக் காட்டினேன்.

"அப்போ லீகல் ஆயிடுச்சா மேடம்?"

"ஆமா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகள் சூடாக இருந்தன. எனக்கு அன்று முழுக்க நல்லது செய்துவிட்ட நிறைவு.

நம் தொழிலில் இந்த வகைச் சொற்கள் நிறைய இருக்கின்றன. அனுமதி, ஒப்புதல், அங்கீகாரம், சான்றொப்பம், செல்லுபடி, வரன்முறை. அலுவலகத்தில் ஒவ்வொன்றும் வேறு வேறு. அனுமதி கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சான்றொப்பம் என்பது கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசும், மேலே எழுதியிருப்பது நியாயமா அநியாயமா என்று அதற்குக் கவலையில்லை. வரன்முறை என்றால் தவறாக நடந்துவிட்ட ஒன்றைப் பிறகு ஒழுங்குக்குள் கொண்டுவருவது. ஆனால் நம் எதிரே வந்து உட்காருகிறவர்களுக்கு இவை எல்லாமே ஒரே சொல். லீகல் ஆயிடுச்சு, ரெகுலர் ஆயிடுச்சு, பாஸ் ஆயிடுச்சு என்று எப்படிச் சொன்னாலும், இனிமேல் நம்மை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள் என்றுதான் அர்த்தம். நாம் எழுதும் சொல்லுக்கும் அவர்கள் கேட்கும் சொல்லுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை செல்வராணி மறுபடி வந்தார். இந்த முறை தம்பி முருகையனும் கூட இருந்தார். உழவர்கரையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர். அன்றைக்குப் பார்த்து அலுவலகம் நிரம்பி வழிந்தது. ஒரே குடும்பத்தின் ஒன்பது பேருக்கு விசாவுக்கான தாள்கள். மறுநாள் காலைக்குள் முடிக்க வேண்டும். அவர்களெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரான்சிலிருந்து வந்தவர் சமாதானத்துக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். கோர்ட்டுக்குப் போக அவருக்குப் பொறுமையில்லை. பின்பக்கத்து மனையில் பாதியை அக்கா தம்பி இருவர் பெயருக்கும் பதிவு செய்து கொடுத்துவிடுகிறேன், மீதியை விட்டுவிடுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை அவருக்கு விமானம். அதற்குள் சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

"எனக்கு பாதி போதும்னு தோணுது மேடம்" என்றார் முருகையன். "ஓடு எறக்கிட்டு ரெண்டு ரூம்பு கட்டிக்கலாம். வழக்குன்னு போனா எந்த காலத்துல முடியறது?"

செல்வராணி அவரைப் பார்க்கவில்லை. "நம்மளுதுல பாதிய அவன் நமக்கே குடுக்கறானாம். எதுக்குடா வாங்கணும்?" என்றவர், நான் எழுதிய தாளை என் முன்னால் வைத்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "இது ஒண்ண மட்டும் சொல்லுங்க மேடம். இந்த வார்த்த நிச்சயந்தானா? நம்பி வேணான்னு சொல்லலாமா?"

அசல் தாளும் அவர் கையில் இருந்தது. வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கலாம். சார் உள்ளறையில் இருந்தார், பத்தடி தூரம். போய்க் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார், அந்தக் காலத்து முத்திரைகளைப் பார்த்தே வளர்ந்தவர். ஆனால் கேட்டால், முத்திரை குத்திக் கொடுத்த மொழிபெயர்ப்பில் எனக்கே சந்தேகம் என்று ஆகும். பெஞ்சில் ஒன்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரம் என்று பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவசரம் இல்லை. வெட்கம்.

"எழுதினது எழுதினதுதாங்க. சீல் வச்சிக் குடுத்திருக்கோம்" என்றேன்.

செல்வராணி தம்பியைப் பார்த்தார். இருவரும் எழுந்து போனார்கள். நான் விசா தாள்களை எடுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் முடித்தும் விட்டேன்.

வழக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. இடையில் சார் உடம்பு முடியாமல் விலகினார், அலுவலகம் கைமாறியது. நான் அந்தத் தாளை மறந்தேபோனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. யாராவது அந்தச் சொல்லோடு ஒரு தாளைக் கொண்டுவந்து வைக்கும் ஒவ்வொரு முறையும், 'கையொப்பம் மெய்யானதென உறுதிசெய்யப்பட்டது' என்று சரியாக எழுதினேன். எழுதும்போதெல்லாம் செல்வராணியின் தாள் கண்முன் வந்து நிற்கும். ஆனாலும் சாரத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. மை கலைந்த இடத்தில் வேறு ஏதாவது இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு சாட்சி சொல்ல வரும்படி அழைப்பு வந்தது. எதிர்த்தரப்பு அசல் தாளுக்கு இன்னொரு மொழிபெயர்ப்பு வாங்கித் தாக்கல் செய்திருந்தது. செய்தவர் வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண். அவர் செய்த காரியம் பெரிதாக ஒன்றுமில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். தெரியாததை இரண்டு பெரியவர்களிடம் கேட்டிருக்கிறார். மடிப்பில் இருந்த சொற்கள் 'கையொப்பத்தின்' என்பதும் சொல்தாவின் பெயரும்தான்.

கோர்ட்டு வராந்தாவில் செல்வராணி தரப்பு வக்கீல் என்னைத் தனியாக அழைத்தார்.

"அந்த இன்னொரு அர்த்தம் தெரியுமான்னு கேப்பாங்க. அன்னிக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. மனுஷங்க பண்ற தப்புதான். உங்க பேருக்கும் சேதம் இல்ல."

"சொன்னா அவங்க வீடு நிக்குமா?"

"அது எப்படியும் கஷ்டம்தான்" என்றார். பிறகு, சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "அந்தப் பேப்பரே இல்லாம இருந்திருந்தா, இத்தன வருஷமா நாங்கதான் இருக்கோம், யாரும் எங்கள குடிவைக்கல, அதனால எடம் எங்களுதேன்னு ஒரு வாதம் இருந்திச்சி. லீகலைஸ் ஆன பேப்பர்னு நம்பி நாமளே கொண்டாந்து வச்சோம். அனுமதி குடுத்துத்தான் இருந்தோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சி" என்றார்.

அதாவது என் வரி அவர்களைக் காப்பாற்றாமல் போனது மட்டுமில்லை. அந்தத் தாளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வைத்ததே என் வரிதான்.

கூண்டில் ஏறி நின்றேன். செல்வராணியும் முருகையனும் பின்வரிசையில் இருந்தார்கள். செல்வராணிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் காப்பாற்ற வந்திருப்பதாகத்தான் அப்போதும் நினைத்திருக்கிறார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடாமல், மரியாதையாகக் கேட்டார். "இந்தச் சொல்லுக்குக் கையொப்பத்தை உறுதிப்படுத்துதல் என்ற பொருள் உண்டா?"

"உண்டு."

"மொழிபெயர்த்த நாளிலேயே அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் நான் தப்பித்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பெண் என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. இன்னொரு முறை அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியும்" என்றேன்.

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று படித்திருக்கிறேன். எனக்கு ஆகவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் செல்வராணி எனக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தெரியும்னு சொன்னீங்களே மேடம்."

"ஆமாங்க."

"அன்னிக்கி வந்து கேட்டேனே. இந்த வார்த்த நிச்சயமான்னு உங்ககிட்ட வந்து கேட்டேனே."

"கேட்டீங்க."

"நிச்சயமில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தப் பாதிய வாங்கிட்டிருப்போமே."

"வாங்கிட்டிருப்பீங்க" என்றேன்.

முருகையன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செல்வராணி வந்தது அதே சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து. அவர் பஸ் ஸ்டாப்பை நோக்கித் தனியாக நடந்தார்.

தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டிலும் அதுதான். உரிமையாளர் அனுமதித்ததால் குடியிருந்தவர்கள், அனுமதி முடிந்ததால் வெளியேற வேண்டியவர்கள். ஓட்டு வீட்டை இடித்தது ஒரே காலை வேலை என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆனால் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்று தெரிந்தபோது சும்மா இருக்க முடியவில்லை. முருகையனின் பட்டறையைத் தேடிப் போனேன். வெல்டிங் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"தப்பு என் மேலதாங்க. உங்க அக்கா என் பேச்ச நம்பித்தான் வேணான்னு சொன்னாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

"உங்கள நான் ஒண்ணும் சொல்லல மேடம். நீங்க யாரோ." கையிலிருந்த வெல்டிங் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ எங்கூட பொறந்தவ. பாதி போதும்னு நான் சொன்னேன். உங்க முன்னாடியே சொன்னேன். என் வார்த்தய அவ கேக்கல, உங்க வார்த்தய கேட்டா. அத என்னா பண்ணச் சொல்றீங்க?"

"இப்ப உண்மை தெரிஞ்சிடுச்சில்ல."

"தெரிஞ்சதாலதான் பேசல. உங்களுக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்த வரைக்கும், நம்ம விதின்னு வுட்டுட்டேன்."

கண்ணாடியை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். தீப்பொறி பறந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். கோர்ட்டில் தெரியும் என்று சொன்னதுதான் அவர்களைப் பிரித்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் வீடு போயிருக்கும், கூடப்பிறப்பு இருந்திருக்கும். இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் சொல்வது என்று பல ஆண்டுகள் யோசித்தேன். பொய் சொல்லுங்கள் என்று சொல்ல மாட்டேன். உண்மை எப்போது சொன்னாலும் பயன்படும் என்றும் சொல்ல மாட்டேன். உண்மைக்கு ஒரு நாள் இருந்தது. அது அந்த வியாழக்கிழமை. அது போய்விட்டால், பிறகு சொல்கிற உண்மை நம் மனதுக்காகச் சொல்வது, அவர்களுக்காக அல்ல.

நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டு, வீட்டு வரி விஷயமாக உழவர்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். செல்வராணி. அறுபதைத் தாண்டிய முகம். அடையாளம் தெரிந்துகொண்டார். போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவர்தான் முதலில் பேசினார்.

"கண்ணாடி வச்சிருக்கீங்களா மேடம்? என்னுது ஒடஞ்சிபோச்சி. இத கொஞ்சம் படிங்க."

மகன் ஒரு மனை வாங்கியிருந்தான். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. வரன்முறைப்படுத்தக் கேட்டு மனு கொடுத்ததற்கு வந்த கடிதம் அது. தமிழில்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லாக, இரண்டு முறை படித்தேன். மனு பெறப்பட்டது. அது பெறப்பட்டதைக் கொண்டு மனை வரன்முறைப்படுத்தப்பட்டதாகக் கருத இயலாது. ஆணை வரும்வரை கட்டுமானம் எதுவும் மேற்கொள்ளக்கூடாது.

"வரன்முறைன்னு போட்டிருக்குதுன்னு பையன் சொன்னான். அப்போ ஆயிடுச்சாம்மா?"

"ஆகலைங்க. மனு வாங்கிக்கிட்டோம்னு மட்டும்தான் போட்டிருக்குது. இன்னும் ஒண்ணும் ஆகல."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. ஊடு கட்டலாமா, கூடாதா?"

"கூடாது. நிச்சயமா சொல்றேன். கட்டக்கூடாது."

செல்வராணி தாளை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தார். முன்னால் நின்றவர்கள் ஓரடி நகர, அவரும் நகர்ந்தார்.

"ஊட்டுக்குத் தளம் போட்டு ஆறு மாசமாவுது" என்றார்.